12 நிமிடத் தூக்கத்தில் ஒரு முழுக் கனவு: வாசகர் கேள்வி பதில்

போன மாதம் பகல் தூக்கத்தைப் பற்றி இரண்டே பத்தி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கனவைப் பற்றியே கேட்கின்றன. அதனால் இந்த மாதம் முழுக்கக் கனவுதான்.

கேள்வி: ஏனுங்க, நான் பல்லடம் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறேன். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி, 8 மணிக்கு 8 மணி. ராத்திரி ஷிப்டு வாரத்தில் காலை 9 மணிக்குப் படுத்தால் 12 மணிக்கெல்லாம் விழிப்பு வந்துவிடுகிறது, வெயிலும் பிள்ளைகள் சத்தமும் தூங்க விடாது. அப்புறம் 3 மணிக்குக் கயிற்றுக் கட்டிலில் செத்த நேரம் சாய்ந்தால் போதும், முழுக் கனவு வருகிறது. போன வாரம் இறந்துபோன எங்கள் அப்பாவோடு சென்னிமலை படியேறி, சாமி கும்பிட்டு, இறங்கி வந்து, டீ குடித்து, பஸ் ஏறி ஊருக்கு வந்தேன். எழுந்து மணி பார்த்தால் படுத்து 12 நிமிடம்தான். கனவு வர ஒன்றரை மணி நேரம் தூங்க வேண்டும் என்று படித்திருக்கிறேன். எனக்கு மூளையில் ஏதாவது கோளாறா? (பெயர் வேண்டாம், பல்லடம்)

பதில்: கோளாறு இல்லைங்க. நீங்கள் படித்ததும் தப்பில்லை, ஆனால் அது இரவெல்லாம் ஒழுங்காகத் தூங்கி எழுகிற ஆளின் கணக்கு. உங்கள் வாரத்துக்கு அது பொருந்தாது.

அந்த ஒழுங்கான கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். படுத்ததும் வருவது முதல் நிலை. கண் சொருகும், கையிலிருக்கும் செல்போன் நழுவும், யாராவது கூப்பிட்டால் "நான் தூங்கவே இல்லையே" என்போம். சில நிமிடம்தான். அடுத்து இரண்டாம் நிலை, இரவின் ஏறக்குறைய பாதி இதிலேயே போகிறது. மூன்றாவது ஆழ்ந்த தூக்கம், மூளையின் மின் அலைகள் பெரிதாக, மெதுவாக எழுந்து விழும் நேரம். இதிலிருந்து எழுப்பினால் ஆள் யார், ஊர் எது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் விழிப்பார்கள். இதெல்லாம் முடிந்து, படுத்து சுமார் 90 நிமிடம் கழித்துத்தான் ரெம் தூக்கம் வரும். மூடிய இமைக்குள் கண் இடமும் வலமும் வேகமாக ஓடுகிற தூக்கம் அது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கி என்ற ஆராய்ச்சி மாணவர் தன் 8 வயது மகனின் தலையில் மின்முனைகளை ஒட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்டது. அவரும் அவருடைய பேராசிரியர் கிளைட்மனும் 1953இல் அதை வெளியிட்டார்கள். ரெம் நேரத்தில் எழுப்பினால் பெரும்பாலானவர்கள் கதை கதையாகக் கனவு சொல்வார்கள். அதனால்தான் "கனவு என்றால் ரெம், ரெம் என்றால் ஒன்றரை மணி நேரம்" என்ற பேச்சு பரவிவிட்டது.

இப்போது உங்கள் கட்டிலுக்கு வருவோம். 12 நிமிடத்தில் கனவு வர இரண்டு வழி உண்டு. ஒன்று, ரெம் வரைக்கும் போகவே வேண்டாம். முதல் நிலையிலேயே படங்கள் ஓடும். முகங்கள், யாரோ பேர் சொல்லிக் கூப்பிடுகிற குரல், படி தவறி விழுவது போல ஒரு தூக்கிவாரிப்போடல். இது எல்லோருக்கும் உண்டு, ஆனால் பெரும்பாலும் துண்டு துண்டாக இருக்கும், படியேறிக் கும்பிட்டு பஸ் பிடித்து வருகிற அளவுக்குக் கோர்வையாக இருக்காது. இரண்டாம் நிலையிலும் கனவு உண்டு, அதுவும் ரெம் கனவளவுக்குப் பளிச்சென்று இருப்பது குறைவு.

உங்களுக்கு நடப்பது பெரும்பாலும் மற்ற வழி என்று நினைக்கிறேன். உடம்பு ரெம் தூக்கத்துக்குக் கணக்கு வைத்துக்கொள்கிறது. இரவில் நன்றாகத் தூங்குகிறவருக்குத் தூக்கத்தில் நான்கில் ஒரு பங்கு, அல்லது அதற்குச் சற்றுக் குறைவாக, ரெம். அது முன்பக்கம் கொஞ்சமாகவும் பின்பக்கம் நிறையவும் இருக்கும். உங்கள் தூக்கமோ 3 மணி நேரத்தில் வெயிலாலும் சத்தத்தாலும் அறுந்துபோகிறது. பாவு நடுவில் அறுந்தால் அங்கேயே முடிச்சுப் போட்டு மறுபடி ஓட்டுவீர்கள் இல்லையா, மூளையும் அடுத்து கண் மூடும்போது விட்ட இடத்தைப் பிடிக்கப் பார்க்கிறது. சில நாள் ரெம் குறைந்தவர்களைத் தூங்கவிட்டால் அது வழக்கத்தைவிடச் சீக்கிரமும் வரும், அதிகமும் வரும். அலாரத்தை அணைத்துவிட்டு இன்னும் 10 நிமிடம் என்று புரண்டு படுக்கும்போது வருகிற பளிச்சென்ற கனவும் இதே மாதிரிதான், பாதியில் நின்ற ரெம் திரும்பத் தொடங்கிவிடுகிறது.

12 நிமிடத்தில் அத்தனையும் எப்படி நடந்தது என்பது உங்கள் கேள்வியின் நல்ல பகுதி. கனவு ஒரு நொடியில் ஓடி முடிகிறது என்று ஊரில் சொல்வார்கள். 1957இல் டிமென்ட் என்பவரும் அதே கிளைட்மனும் இதைச் சோதித்தார்கள். ரெம் தொடங்கி 5 நிமிடத்திலோ 15 நிமிடத்திலோ எழுப்பி, எவ்வளவு நேரம் கனவு கண்டீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் சரியாகவே சொன்னார்கள். ஆக, கனவின் கடிகாரம் ஏறக்குறைய நம் கடிகாரம்தான். நீங்கள் சென்னிமலையின் அத்தனை படியையும் ஏறவில்லை. அடிவாரம் ஒரு காட்சி, சன்னதி ஒரு காட்சி, டீக்கடை ஒரு காட்சி. நடுவில் உள்ளதை எழுந்த பிறகு மனசு நிரப்பிக்கொள்கிறது. இன்னொன்று, கனவு நினைவில் நிற்க வேண்டுமானால் அதன் நடுவிலோ, முடிந்த உடனேயோ விழிக்க வேண்டும். குட்டித் தூக்கத்தில் அது தானாக நடந்துவிடுகிறது.

எங்கள் வீட்டிலும் தறி ஓடியது. ராத்திரி ஷிப்டு முடிந்து வரும் அப்பாவுக்காக அம்மா ஜன்னலில் பழைய ஜமுக்காளத்தைக் கட்டித் தொங்கவிடுவார், எங்களைத் தெருவுக்கு விரட்டிவிடுவார். அது எவ்வளவு பெரிய வைத்தியம் என்று எனக்குப் பின்னால்தான் புரிந்தது. நீங்களும் அறையை இருட்டாக்குங்கள், மின்விசிறியை ஓடவிடுங்கள், அந்தச் சத்தம் வெளிச் சத்தத்தை மூடும். வேலை முடியப்போகும் நேரத்து டீயை விடுங்கள். காலையில் 5 மணி நேரமாவது சேர்ந்தாற்போல் கிடைத்தால் மதியக் கனவு தானாக இளைக்கும். அப்பா கனவில் வருவதைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், அது உங்களுக்கும் அவருக்கும் உள்ளது.

கேள்வி: பவானியில் 40 வருடமாக ஜமுக்காளம் நெய்கிறேன். கண்ணை மூடியதும் கலர் நூல் போய்க்கொண்டே இருக்கிறது, பட்டை பட்டையாக. இன்னும் தூங்கவில்லை என்று எனக்கே தெரியும், ஆனால் நூல் நிற்காது. பேத்தி கண் டாக்டரிடம் போகச் சொல்கிறாள். (ஒரு அம்மா, பவானி)

பதில்: பேத்தி சொல்வதற்காகக் கண்ணைக் காட்டிவிடுங்கள் அம்மா, இந்த வயதில் வருடம் ஒருமுறை காட்டுவது நல்லதுதான். ஆனால் அந்த நூல் கண்ணில் ஓடவில்லை. அது தூக்கத்தின் முதல் படி. அன்று முழுக்கக் கையும் கண்ணும் எதைச் செய்ததோ அதையே மூளை திரும்ப ஓட்டிப் பார்க்கிறது. மிளகாய் பறித்துவிட்டு வந்தவருக்கு மிளகாய்ச் செடி, பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைத்தவருக்கு ஓடுகிற தையல்.

ஹார்வர்டில் ஸ்டிக்கோல்டு என்பவர் 2000ஆம் ஆண்டில் இதை ஒரு விளையாட்டை வைத்துக் காட்டினார். மேலிருந்து கட்டைகள் விழ, கீழே இடைவெளி இல்லாமல் அடுக்க வேண்டிய டெட்ரிஸ் என்ற கம்ப்யூட்டர் விளையாட்டு. ஆடியவர்கள் கண் மூடியதும் கட்டைகள் விழுவதைப் பார்த்தார்கள். அதில் சிலர் மூளைப் பாதிப்பால் புது ஞாபகமே நிற்காதவர்கள், விளையாட்டு ஆடியதே அவர்களுக்கு நினைவில்லை, ஆனாலும் தூங்கப்போகும்போது கட்டைகள் விழுந்தன. எனக்கு இதைப் படித்தபோது உடம்பு சிலிர்த்தது. தலை மறந்ததை வேறு ஏதோ ஒரு மூலை மறக்காமல் வைத்திருக்கிறது. உங்கள் 40 வருட நெசவு எவ்வளவு ஆழத்தில் போய் உட்கார்ந்திருக்கும் என்று பாருங்கள்.

கேள்வி: நாமக்கல் பக்கம் விடுதியில் தங்கி ப்ளஸ் டூ படிக்கிறேன். ராத்திரி 11.30க்குப் படுத்து 4.30க்கு எழ வேண்டும். மதியம் சாப்பிட்டதும் டெஸ்க்கில் தலை வைத்தால் உடனே கனவு. இரண்டு தடவை ஞாயிற்றுக்கிழமை மதியம் மல்லாந்து படுத்திருந்தபோது முழிப்பு வந்துவிட்டது, அறை தெரிகிறது, ஆனால் கை கால் அசையவில்லை, மேலே யாரோ உட்கார்ந்து அமுக்குகிற மாதிரி, மூச்சு முட்டுகிற மாதிரி. கத்த நினைத்தேன், சத்தம் வரவில்லை. அமுக்குவான் பேய் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். வீட்டில் சொல்லவில்லை.

பதில்: கண்ணு, முதலில் வீட்டில் சொல். பேய் இல்லை, நோயும் இல்லை, ஆனால் நீ தனியாகச் சுமக்க வேண்டிய விஷயமும் இல்லை.

ரெம் தூக்கத்தில் கனவில் ஓடினால் நிஜத்திலும் கால் ஓடிவிடக் கூடாதே, அதற்காக மூளைத்தண்டு கழுத்துக்குக் கீழே தசைகளைத் தளர்த்திப் பூட்டி வைக்கிறது. கண்ணும், மூச்சை இழுக்கும் உதரவிதானமும் மட்டும் விதிவிலக்கு. சில நேரம் மனசு விழித்துவிடும், பூட்டு திறக்கக் கொஞ்சம் தாமதமாகும். அந்த இடைவெளியில்தான் அறையும் தெரிகிறது, கனவும் பாதி ஓடிக்கொண்டிருக்கிறது. மார்புத் தசைகள் தளர்ந்திருப்பதால் ஆழமாக இழுக்க முயன்றால் முடியாது, அதுதான் யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரி. மூச்சு நிற்கவில்லை, ஒருபோதும் நிற்காது. சில நொடியிலிருந்து ஓரிரு நிமிடத்தில் தானாக விலகும். அடுத்த முறை வந்தால் கத்த முயலாதே, மூச்சை அதன் போக்கில் விட்டு, ஒரு கால் விரலை மட்டும் அசைக்கப் பார். ஒருக்களித்துப் படு, மல்லாந்து படுக்கும்போதுதான் இது அதிகம் வருகிறது.

இதைக் கிளப்பிவிடுகிற பெரிய காரணம் தூக்கக் குறைவு. உன் வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் தேவை. நீ தூங்குவது 5. அதிலும் 4.30க்கு எழும்போது வெட்டப்படுவது எந்தப் பகுதி என்று மேலே உள்ள பதிலைப் படித்தால் உனக்கே தெரியும், ரெம் நிறைய இருக்கும் கடைசிப் பகுதி. படித்தது மூளையில் பதிவதற்கு ஆழ்ந்த தூக்கமும் வேண்டும், இந்தக் கடைசிப் பகுதியும் வேண்டும். இதைப் படிக்கும் பெற்றோருக்கும் விடுதி நடத்துகிறவர்களுக்கும் சொல்கிறேன், மனசார வேண்டிக் கேட்கிறேன்: 4.30 மணி படிப்பு என்பது படித்ததை அழிக்கிற படிப்பு. 6 மணிக்கு எழுப்புங்கள். பிள்ளைகள் கூடுதலாகத் தூங்கினால் மார்க் குறையாது.

அதுவரை உன் கையில் இருப்பது மதியம் 15, 20 நிமிடம். அதற்கு மேல் போனால் ஆழ்ந்த தூக்கத்துக்குள் போய்விடுவாய், எழுந்ததும் தலை கனக்கும்.

கேள்வி: விடியற்காலைக் கனவு பலிக்கும் என்பது உண்மையா? (கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒருவர்)

பதில்: பலிக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பேச்சு எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்க முடியும். முன்னிரவு ரெம் சில நிமிடம்தான், கடைசிச் சுற்று அரை மணி நேரம், சில சமயம் அதற்கும் மேல் ஓடும். கோழி கூவும் நேரத்துக் கனவுதான் நீளமானது, கோர்வையானது, எழுந்ததும் நினைவில் நிற்பது. நினைவில் நின்ற கனவைத்தானே பலித்ததா என்று பொருத்திப் பார்க்க முடியும்? காலையில் எழுந்து, டீ குடித்து, மறுபடி 9 மணிவாக்கில் சாய்கிறவர்களுக்கும் பளிச்சென்று கனவு வருவது இதனால்தான், உடம்பின் கடிகாரம் அப்போதும் ரெம் பக்கமே சாய்ந்திருக்கிறது. மதியத் தூக்கம் நீண்டால் ஆழ்ந்த தூக்கம்தான் அதிகம்.

கேள்வி: நம் ஈரோட்டில் பிறந்த ராமானுஜனுக்கு நாமகிரித் தாயார் கனவில் வந்து கணக்குச் சொன்னதாகச் சொல்கிறார்களே, தூங்கினால் கணக்கு வருமா?

பதில்: 1887 டிசம்பர் 22, தாய்வழிப் பாட்டி வீட்டில், ஈரோட்டில் பிறந்தார். நாமக்கல் நாமகிரித் தாயார் அவர்கள் குலதெய்வம். ரத்தம் ஓடுவது போல ஒரு சிவப்புத் திரை, அதில் ஒரு கை கணக்கை எழுதியது, எழுந்ததும் குறித்துக்கொண்டேன் என்று அவர் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. அவருடைய பக்தியை அளக்க எனக்குத் தகுதியில்லை. ஆனால் அந்தத் திரையில் எழுதப்பட்டதைப் படிக்க, பகலெல்லாம் கற்பலகையில் எழுதி எழுதி முழங்கையால் அழித்த ஒரு மனசு தேவைப்பட்டது.

தூக்கத்தின் வாசற்படிக்கு ஒரு பலன் இருக்கத்தான் செய்கிறது. எடிசன் கையில் உலோக உருண்டையைப் பிடித்தபடி நாற்காலியில் கண் அயர்வாராம், தூக்கம் வந்து கை தளர்ந்ததும் உருண்டை விழுந்து சத்தத்தில் எழுவாராம். பாரிஸில் இதையே சோதனையாக்கி 2021இல் வெளியிட்டார்கள். ஒளிந்திருக்கும் ஒரு குறுக்குவழி உள்ள எண் கணக்கைக் கொடுத்து, நடுவில் 20 நிமிட ஓய்வு. முதல் நிலையில் 15 நொடியாவது இருந்தவர்களில் 83 சதவீதம் பேர் குறுக்குவழியைக் கண்டுபிடித்தார்கள். விழித்தே இருந்தவர்களில் சுமார் 30 சதவீதம்தான். இரண்டாம் நிலைக்குள் இறங்கிவிட்டவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. எங்கள் ஊரில் கணக்கு வராவிட்டால் "செத்த கண்ணை மூடிட்டு வா" என்று சொல்லும் வாத்தியார் ஒருவர் இருந்தார். நல்ல மனுஷன்.

கேள்வி: வீட்டுக்காரர் சங்ககிரியில் லாரி ஓட்டுகிறார். வயது 38. ராத்திரி 7 மணி நேரம் தூங்கினாலும் பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்குகிறார், 5 நிமிடத்தில் கனவு கண்டு பேசுகிறார். தமாஷ் பேசிச் சிரிக்கும்போது ஒருமுறை முழங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டார், நினைவு தப்பவில்லை. அசதி என்கிறார். (ஒரு சகோதரி)

பதில்: அம்மணி, மேலே எழுதிய எல்லோருக்கும் பயப்பட வேண்டாம் என்றேன். உங்களுக்கு அப்படிச் சொல்ல மாட்டேன். டாக்டரைப் பார்க்கும்வரை அவர் ஸ்டியரிங் பிடிக்க வேண்டாம்.

தூக்கம் குறைந்தவருக்குக் குட்டித் தூக்கத்தில் கனவு வருவது வேறு. போதுமான அளவு தூங்கியும் கண் மூடிய சில நிமிடத்தில் கனவு, அதுவும் தினமும், கூடவே சிரித்தால் தசை தளர்ந்து விழுவது, இவை சேர்ந்தால் நார்கோலெப்சி என்ற நோயைச் சந்தேகிக்க வேண்டும். நம்மை விழித்திருக்க வைக்கும் ஓரெக்சின் என்ற பொருளைச் சுரக்கும் செல்கள் மூளையில் அழிந்துபோவதால் வருவது. அதனால் தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவே உள்ள கதவு நிலையாக நிற்காது, ரெம் தசைத் தளர்வு விழித்திருக்கும்போதே நுழைந்துவிடும். பேயோ, சோம்பலோ, குடியோ காரணமில்லை. மருந்து உண்டு, முழுக்கக் குணமாக்காது, ஆனால் நன்றாகக் கட்டுப்படுத்தும்.

நரம்பியல் மருத்துவரிடம் போங்கள், கோவையிலோ சேலத்திலோ கிடைப்பார்கள். ஓர் இரவு தூங்க வைத்துப் பதிவெடுப்பார்கள், மறுநாள் பகலில் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை 20 நிமிடம் என நாலைந்து தடவை படுக்கச் சொல்வார்கள். சராசரியாக 8 நிமிடத்துக்குள் தூங்கிவிடுகிறாரா, அதில் இரண்டு தடவையாவது 15 நிமிடத்துக்குள் ரெம் வருகிறதா என்று பார்ப்பதுதான் அந்தப் பரிசோதனை. அவர் பலமாகக் குறட்டை விடுகிறாரா, நடுவில் மூச்சு நின்று திணறுகிறாரா என்பதையும் நீங்களே இரண்டு இரவு கவனித்துச் சொல்லுங்கள். ராத்திரி மூச்சு தடைப்படுவதாலும் பகலில் இப்படித் தூக்கம் தள்ளும், ஓட்டுநர்களிடம் அது நிறையவே இருக்கிறது, அதற்கு வைத்தியம் வேறு.

போகும்போது அவர் தூங்கிய நேரம், எழுந்த நேரம், பகலில் அசந்த நேரம் எல்லாவற்றையும் இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். முழங்கால் மடங்கிய அன்று என்ன பேசிச் சிரித்தார் என்பதையும் எழுதுங்கள், டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார். வண்டி ஓட்டாத நாட்களுக்குச் சம்பளம் போகுமே என்ற கவலை எனக்கும் புரிகிறது. முதலாளியிடம் நீங்களும் கூடப் போய்ப் பேசுங்கள், செட்டில் லோடு கணக்குப் பார்க்கிற வேலையாவது கொஞ்ச நாளைக்குக் கேட்டுப் பாருங்கள். டாக்டர் சொன்னதை எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.